ஒரு நாள் தாமதம்... ஒரு லட்சம் ரூபாய் வரி! வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் போட வேண்டிய நாள் கணக்கு

செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் பக்கம் போனால், ‘பையன் துபாய்ல இருக்கான்’, ‘மருமகன் சிங்கப்பூர்ல வேலை’ என்று சொல்லும் குடும்பங்களைப் பார்ப்பது சகஜம். வருமான வரி என்று பேச்செடுத்தால், அந்தக் குடும்பங்களில் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும்.

‘‘அங்கேதானே சம்பாதிக்கிறான், இங்கே எதுக்கு வரி?’’

‘‘இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கோம், எங்கே இருந்தாலும் கட்டித்தான் ஆகணும்.’’

‘‘என்.ஆர்.இ கணக்குல பணம் வந்தா வரியே கிடையாதுங்க.’’

மூன்றுமே பாதி உண்மைகள். நம் நாட்டுச் சட்டத்தில், வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா, இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்தான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஓர் ஆண்டில், நீங்கள் எத்தனை நாள் இந்திய மண்ணில் இருந்தீர்கள்? விசா, வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டில் பெயர் எல்லாம் பிறகுதான். அதுவும், ஒருமுறை என்.ஆர்.ஐ ஆகிவிட்டால் எப்போதும் என்.ஆர்.ஐ என்று கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் ‘வருமான வரிச் சட்டம், 2025’ நடைமுறைக்கு வந்திருக்கிறது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற குழப்பமான சொற்கள் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே சொல் வந்துவிட்டது. ஆனால், நாள் கணக்கு விதிகள் 1961-ம் ஆண்டு சட்டத்தில் இருந்ததைப் போலவே தொடர்கின்றன. 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்னைப் பழைய சட்டப்படியே தாக்கல் செய்ய வேண்டும்.

182 நாள்... அதுதான் எல்லைக்கோடு!

பொது விதி இதுதான். ஓர் ஆண்டில் 182 நாளோ, அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ‘ரெசிடென்ட்’. இன்னொரு விதியும் உண்டு. அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்தாலும் ரெசிடென்ட்தான்.

இந்த 60 நாள் விதி, வெளிநாட்டு வேலைக்காரர்களை வதைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு சலுகைகள் இருக்கின்றன. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பும் ஆண்டில் 60 என்பது 182 ஆகிவிடும். வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்து போகிற இந்தியக் குடிமகனுக்கும், இந்திய வம்சாவளியினருக்கும் அதேபோல 182 நாள்.

வேலைக்குப் போவது மட்டுமல்ல, சொந்தத் தொழில் செய்யப் போவதும் இந்தச் சலுகைக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் மேற்படிப்புக்குப் போகிறவருக்கும், கணவரோடு சேர்ந்து வாழப் போகும் மனைவிக்கும் கிளம்பும் ஆண்டில் இது பொருந்தாது.

செப்டம்பர் 28-ஐ குறித்துக்கொள்ளுங்கள்

சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் செஞ்சிக்காரர் ஒருவருக்குக் குவைத்தில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சென்னைச் சம்பளம் 6 லட்சம் ரூபாய். அக்டோபர் முதல் மார்ச் வரை குவைத் சம்பளம், நம் பணத்தில் 10 லட்சம்.

ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28 என்பது 181-வது நாள். அன்று விமானம் ஏறினால் அவர் என்.ஆர்.ஐ. சென்னைச் சம்பளத்துக்கு மட்டுமே இங்கே வரி. 2025-26-ம் ஆண்டின் புதிய வரி முறைப்படி, நிலையான கழிவு 75,000 ரூபாய் போக, கட்ட வேண்டியது 6,500 ரூபாய்.

‘நாளைக்கு நல்ல நாள்’ என்று செப்டம்பர் 29-ல் கிளம்பினால் 182 நாள் ஆகிவிடும். அவர் ரெசிடென்ட். குவைத் சம்பளமும் சேர்ந்து, 16 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் வரி 1,13,100 ரூபாய். ஒரே ஒரு நாளுக்கு வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் மேல்!

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்று நாம் கேட்கிறோமே, அந்தத் தள்ளுபடி ரெசிடென்ட்களுக்கு மட்டும்தான். என்.ஆர்.ஐ-க்கு 4 லட்சத்தைத் தாண்டிய முதல் ரூபாயிலிருந்தே வரி தொடங்கும். அதனால்தான் அவர் 6 லட்சத்துக்கே 6,500 ரூபாய் கட்டுகிறார்.

எண்ணுவதிலும் கவனம் வேண்டும். ஊருக்கு வந்து இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு. வந்த நாளை விட்டுவிடலாம் என்று சொன்ன தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால், அதற்காக வழக்கு நடத்தும் நிலை நமக்கு எதற்கு? அதிகாலை 1 மணி விமானம் என்றால், குடியேற்றப் பிரிவில் முந்தைய இரவே முத்திரை விழுந்திருக்கும். டிக்கெட்டில் இருக்கும் தேதியை அல்ல, முத்திரையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

‘அம்மாவுக்கு முடியல...’ என்றாலும் நாள் நாள்தான்

கணக்கு தப்புவது பெரும்பாலும் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகும்போதுதான். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கும். ‘‘நான் பார்த்துக்கிறேன், நீ கிளம்பு தம்பி’’ என்று அம்மா சொல்வார். மகனுக்கு மனசு வராது. ஒரு மாதம் மூன்று மாதமாகும், மூன்று ஐந்தாகும்.

ஏன் தங்கினீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி ரசீதுகளைக் காட்டி நாள்களைக் குறைக்கவும் அதில் வழியில்லை. கொரோனா ஊரடங்கில் விமானமே ஓடாதபோதுதான் அரசு விதிவிலக்கு தந்தது. 2020 மார்ச் 22-க்கு முன் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு, அந்த மாத இறுதி வரையிலான நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. அடுத்த நிதியாண்டுக்கு அப்படிப் பொதுவான சலுகை தரவில்லை. இரட்டை வரி விழுந்தவர்கள் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம் என்று 2021 மார்ச்சில் சொல்லிவிட்டது.

ஆனால், மார்ச் 31 என்ற தேதி இங்கே கைகொடுக்கும். ஜனவரி 15-ல் வந்து ஜூன் 15-ல் திரும்புகிறவர் ஐந்து மாதம் அம்மாவோடு இருக்கிறார். ஆனால் முதல் ஆண்டில் 76 நாள், அடுத்த ஆண்டில் 76 நாள் என்று கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். அதே ஐந்து மாதத்தை ஜூலையில் தொடங்கினால் முழுவதும் ஒரே ஆண்டில் விழும். அண்ணனும் தம்பியும் வெளிநாட்டில் இருந்தால், யார் எப்போது வருவது என்று முறை வைத்துக்கொள்வதற்கும் இந்தத் தேதி உதவும்.

‘ஊரிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன்’ என்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்தியாவில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம், வெளிநாட்டு நிறுவனம் கொடுத்தாலும், வெளிநாட்டு வங்கியில் விழுந்தாலும், இந்தியாவில் ஈட்டிய வருமானம்தான். என்.ஆர்.ஐ-யாக இருந்தாலும் அதற்கு இங்கே வரி உண்டு. குறுகிய காலத் தங்கலுக்கு, நிபந்தனைகளோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் விலக்கு தரலாம். அது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஆடிட்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

நடுவில் ஒரு மூன்றாவது வகை

182 நாள் தாண்டிவிட்டாலே எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. ரெசிடென்ட்களிலேயே ‘வழக்கமாக வசிப்பவர் அல்ல’ என்று ஒரு வகை இருக்கிறது. சுருக்கமாக ஆர்.என்.ஓ.ஆர். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் என்.ஆர்.ஐ-யாக இருந்தவரும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவரும் இதில் வருவார்கள்.

இந்த வகையினருக்கு வெளிநாட்டில் வேலை செய்து அங்கேயே பெற்ற சம்பளம், அங்குள்ள வங்கி வட்டி, வாடகை ஆகியவற்றுக்கு இங்கே வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு லாபத்துக்குத்தான் வரி.

அப்படியானால் யாருக்கு ஆபத்து அதிகம்? 15 ஆண்டுகளாகத் துபாயில் இருக்கும் மாமாவுக்கு இந்த மெத்தை இருக்கிறது. ஒரு வருடம் கணக்கு தப்பினாலும் சம்பளம் தப்பிவிடும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் போன தம்பிக்கு அந்த மெத்தை இல்லை. நாள் கணக்கு தப்பினால், துபாய்ச் சம்பளம் முழுவதும் இங்கே வரிக்குள் வந்துவிடும். ஆக, புதிதாகப் போனவர்கள்தான் காலண்டரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இந்தியாவில் வாடகை, வட்டி, தொழில் என்று 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2020-ம் ஆண்டு நிதிச் சட்டம் வேறு விதியைக் கொண்டுவந்தது. முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால், அவர்களுக்கு எல்லை 182 அல்ல, 120 நாள். எந்த நாட்டிலும் வரி கட்ட வேண்டிய நிலையில் இல்லாத இந்தியக் குடிமகனாக இருந்து, இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், ஒரு நாள்கூட இங்கே வராவிட்டாலும் அவர் ரெசிடென்ட்டாகக் கருதப்படுவார். இந்த அறிவிப்பு வந்தபோது வளைகுடாவில் பெரும் பதற்றம் ஏற்பட்டது. அங்கே உழைத்துச் சம்பாதிக்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்று நிதி அமைச்சகம் உடனே விளக்கம் தந்தது. இவர்கள் ஆர்.என்.ஓ.ஆர் வகையில்தான் வைக்கப்படுகிறார்கள்.

கொழும்பு செட்டியாரின் 101 நாள்

கடல் கடந்து சம்பாதிக்கும் தமிழர்களுக்கும் வரித் துறைக்குமான இந்தக் கணக்கு நேற்றுத் தொடங்கியதல்ல. பர்மா, இலங்கை, மலேயா என்று வணிகம் செய்த நகரத்தார்கள் இதில் அன்றே அடிபட்டவர்கள்.

கொழும்பில் மனைவி, மக்களோடு குடியிருந்து வணிகம் செய்த ஒரு செட்டியார், இங்கே இருந்த கூட்டுக் குடும்பத்தின் தலைவராகவும் இருந்தார். 1941-42-ம் ஆண்டில் 7 முறை இந்தியா வந்து, மொத்தம் 101 நாள் தங்கினார். குடும்ப நிலங்கள் தொடர்பான வழக்குகளைக் கவனித்தார், கூட்டு வணிகம் தொடங்கினார். குடும்பத்தின் வெளிநாட்டு வருமானத்துக்கும் வரி கேட்டது அன்றைய வருமான வரித் துறை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது.

1950-ல் வந்த தீர்ப்பு, துறைக்குச் சாதகமாக அமைந்தது. கூட்டுக் குடும்பத்துக்கு நாள் கணக்கு மட்டும் போதாது. அதன் கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுக்க முழுக்க வெளிநாட்டிலிருந்து நடந்ததா என்று பார்க்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியவர் வரி கட்டுபவர்தான். அவரால் நிரூபிக்க முடியவில்லை என்றது நீதிமன்றம்.

செஞ்சிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மராட்டிய மன்னர் ராஜாராம் 1689-ல் செஞ்சிக்கு வந்து, சுமார் 8 ஆண்டுகள் இந்தக் கோட்டையில் இருந்தபடி ஆட்சி செய்தார். நாடு தூரத்தில் கிடந்தது, உத்தரவுகள் இங்கிருந்து போயின. கூட்டுக் குடும்ப வரியிலும், உத்தரவு எங்கிருந்து போகிறது என்பதுதான் கேள்வி. இன்றைக்கும் கூட்டுக் குடும்பத்துக்கு இதே விதிதான். பூர்வீகச் சொத்தைக் கூட்டுக் குடும்பத்தின் பெயரில் வைத்து வரி கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஊரில் இருக்கும் வீடும் நிலமும்

என்.ஆர்.ஐ-யாக இருந்தாலும் இந்தியாவில் வரும் வருமானத்துக்கு இங்கே வரி உண்டு. ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டு உரிமையாளர் என்.ஆர்.ஐ என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குடியிருப்பவர் அதில் 31.2% டி.டி.எஸ் பிடித்துக் கட்ட வேண்டும். 12,000 ரூபாய் வாடகையில் மாதம் 3,744 ரூபாய். வேறு வருமானம் இல்லாவிட்டால், உரிமையாளர் ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுவதையும் ரீஃபண்ட் வாங்கிவிடலாம். தாக்கல் செய்யாவிட்டால் பணம் அரசிடமே கிடக்கும்.

வீட்டை விற்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. ஊரில் இருப்பவர் 40 லட்சத்துக்கு வீட்டை விற்றால் டி.டி.எஸ் இல்லை. 50 லட்சம் முதல்தான், அதுவும் 1%. என்.ஆர்.ஐ விற்றால் இந்த வரம்பு கிடையாது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு, சர்சார்ஜ் இல்லாமலே 13%. லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதால், நடைமுறையில் முழு விலைக்கும் பிடித்துவிடுவார்கள். 40 லட்சத்துக்கு 5,20,000 ரூபாய் முடங்கும். பத்திரப் பதிவுக்கு முன்பே வருமான வரித் துறையிடம் விண்ணப்பித்து, குறைந்த டி.டி.எஸ்-க்கான சான்றிதழ் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20% வரி கட்டும் வாய்ப்பும் ரெசிடென்ட்களுக்கு மட்டுமே.

நெல், மணிலா விளையும் நிலத்துக்கு வேறு கதை. இந்திய விவசாய வருமானத்துக்கு என்.ஆர்.ஐ-க்கும் வருமான வரி இல்லை. அப்பாவின் நிலம் வாரிசாக வரலாம். ஆனால், அந்நியச் செலாவணிச் சட்டப்படி பக்கத்து வயலை அவர் விலைக்கு வாங்க முடியாது. விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் 10,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள நகர எல்லைக்குள் இருந்தாலோ, அதிலிருந்து நேர்க்கோட்டில் 2 கி.மீ.க்குள் இருந்தாலோ அது கிராமப்புற நிலமாகாது. பெரிய நகரங்களுக்கு இந்தத் தூரம் 6, 8 கி.மீ. வரை போகும்.

மகன் அனுப்பும் பணத்துக்குப் பெற்றோர் வரி கட்ட வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். பெற்ற பிள்ளை தருவது வரியில்லாத அன்பளிப்பு. அந்தப் பணத்தை அப்பா தன் பெயரில் எஃப்.டி போட்டால், வட்டி அப்பாவின் வருமானம். மனைவிக்குக் கொடுத்த பணத்தை அவர் எஃப்.டி போட்டால், வட்டி கணவரின் கணக்கில் சேரும்.

திரும்பி வரும்போது

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கும் தேதி முக்கியம். அக்டோபர் 1-ல் வந்து இறங்கினால் மார்ச் 31 வரை 182 நாள். அக்டோபர் 2 என்றால் 181. பிப்ரவரியில் 29 நாள் வரும் ஆண்டில் இன்னும் ஒரு நாள் தள்ளி வர வேண்டும். முந்தைய 4 ஆண்டுகளில் ஊருக்கு வந்த நாள்கள் 365-ஐத் தாண்டியிருந்தால், 60 நாள் விதி குறுக்கே வரும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

10 ஆண்டுகளுக்கு மேல் வளைகுடாவில் இருந்து, ஆண்டுக்கு 40 நாள் விடுமுறையில் மட்டும் வந்து போனவர், 2026 அக்டோபரில் ஊர் திரும்புகிறார் என்று கொள்வோம். அந்த ஆண்டில் 181 நாளுக்குள் இருந்தால் என்.ஆர்.ஐ. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆர்.என்.ஓ.ஆர். அதன்பிறகே முழு ரெசிடென்ட். வெளிநாட்டில் இருக்கும் சேமிப்பு, இடம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த அந்த இரண்டு ஆண்டுகள் நல்ல அவகாசம்.

முழு ரெசிடென்ட் ஆனபின், வெளிநாட்டில் இருக்கும் வங்கிக் கணக்கையும் சொத்தையும் ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. வீடு, மனை தவிர்த்த வெளிநாட்டுச் சொத்தின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால், 2024 அக்டோபரிலிருந்து இந்த அபராதத்துக்கு விலக்கு தந்திருக்கிறார்கள்.

கையோடு செய்ய வேண்டியவை

• பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களை ஒவ்வொரு பயணம் முடிந்ததும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். 10 ஆண்டுக் கணக்குக்கு அதுதான் சாட்சி.

• வேலைக்கு வெளிநாடு போனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ கணக்காக மாற்றுங்கள். என்.ஆர்.ஓ வட்டிக்கு வரி உண்டு. என்.ஆர்.இ வட்டிக்கு வரி இல்லை. ஆனால், நிரந்தரமாகத் திரும்பியதும் அந்தச் சலுகை முடிந்துவிடும்.

• என்.ஆர்.ஐ-க்கு ஐ.டி.ஆர்-1 படிவம் பொருந்தாது. சம்பளம், வாடகை, வட்டி மட்டும் என்றால் ஐ.டி.ஆர்-2.

• சிங்கப்பூர்போல வரி உள்ள நாட்டில் இருந்தால், அங்கே வரி கட்டிய ரசீதையும், அந்த நாட்டின் வரி வசிப்பிடச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். இரண்டு நாட்டிலும் ஒரே சம்பளத்துக்கு வரி விழுந்தால் அவைதான் காப்பாற்றும். அங்கே ஆண்டு ஜனவரியில் தொடங்கும், நமக்கு ஏப்ரலில் என்பதையும் மறக்க வேண்டாம்.

• மாசியில் மயானக் கொள்ளை, ஆடியில் திருவிழா, கல்யாணம், கருமாதி என்று ஊருக்கு வந்து போன நாள்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். டிசம்பர் மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மார்ச் மாதம் எண்ணினால் கிளம்ப நாள் இருக்காது. டிசம்பரில் எண்ணினால் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம்.